பத்து மணிக் கேள்விக்குப் பதில் சொன்னது யார்?

டிசம்பர் டியூட்டிக்குப் புதிதாக வந்திருக்கும் உங்கள் ஆறு பேருக்கும் நான் ஏதாவது எழுதித் தர வேண்டுமாம். உங்கள் பிரபு இரண்டு வாரமாக நச்சரிக்கிறான். ரிடையர் ஆனவளுக்கு வேலையே இருக்காது என்று அவனுக்கு ஒரு நினைப்பு. மார்கழி மாதம், லிவர்மோர் கோயிலில் காலைப் பிரசாதம் பொட்டலம் கட்டவே எனக்கு நேரம் சரியாக இருக்கிறது என்று சொல்லிப் பார்த்தேன். அவன் விடுகிற ஆள் இல்லை.

மேப், சர்வர், வண்டியில் பொருத்தும் கருவி இவற்றைப் பற்றியெல்லாம் நான் எழுதப்போவதில்லை. அதற்குத் தடிமனாக ஒரு கையேடு இருக்கிறது. அதில் பாதியை எழுதியவள் நான். முழுதாகப் படித்தவர் இதுவரை யாரும் இல்லை, நான் உட்பட. நான் சொல்லப்போவது தினமும் காலை பத்து மணிக்கு நம் குழுவில் கேட்கப்படும் கேள்வியையும், அதோடு வரும் மொக்கை ஜோக்கையும் பற்றி. வேலைக்கு நடுவில் இது எதற்கு என்று உங்களில் ஒருவர் கேட்டதாகப் பிரபு சொன்னான். நானும் அதைத்தான் கேட்டேன். கேட்டதோடு நிற்காமல் அதில் கையையும் வைத்தேன்.

முதலில் நம் பிழைப்பு எவ்வளவு வேடிக்கையானது என்று பாருங்கள். அமெரிக்காவில், நம் ஆபீஸ் இருக்கும் சான் ரமோனில் டிசம்பரில்கூட வாத்துகள் குளத்தில் வெயில் காய்கின்றன. அந்தக் குளத்தைப் பார்த்த ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்துகொண்டு, கனடாவின் சிற்றூர்களில் பனி தள்ளும் வண்டி எந்தத் தெருவுக்கு முதலில் போக வேண்டும், எந்தத் தெருவுக்குக் கடைசியில் போக வேண்டும் என்று நாம் வரிசைப்படுத்திக் கொடுக்கிறோம். நான் பொள்ளாச்சிக்காரி. நாற்பது வயது வரை நான் பார்த்த பனி, ஃப்ரிட்ஜின் மேல் தட்டில் படிந்த பனிதான். பிரபு மேற்கு மாம்பலம். அவன் மழைத் தண்ணீர் தேங்கும் தெருக்களைப் பற்றிக் கேட்டால் மணிக்கணக்கில் பேசுவான்.

கிறிஸ்துமஸ் வாரத்தில் மற்றவர்கள் எல்லோரும் ஊருக்குப் போய்விடுவார்கள். நம்மவர்கள்தான் டியூட்டிக்குக் கை தூக்குவார்கள். பதிலுக்குப் பொங்கலுக்கும் தீபாவளிக்கும் லீவு கேட்கலாம் என்று ஒரு கணக்கு. இன்னொரு காரணமும் உண்டு, யாரும் வெளியில் சொல்வதில்லை. பள்ளிக்கூடம் மூடியிருக்கும் இரண்டு வாரமும் வீட்டில் இருப்பதைவிட, கனடாவின் புயலைச் சமாளிப்பது எளிது.

பத்து மணிக் கேள்வியை ஆரம்பித்து வைத்தவர் எங்கள் மேனேஜர். பெயர் வேண்டாம், அவருக்குப் பிடிக்காது. கனடாவின் சஸ்காச்சுவானில் ஒரு கோதுமைப் பண்ணையில் வளர்ந்த பெண், என்னைவிடப் பன்னிரண்டு வயது சின்னவர். டிசம்பர் பிறந்ததும் தினமும் பத்து மணிக்கு எங்கள் எல்லோரையும் ஐந்து நிமிடம் போனில் இணைப்பார். கனடாவின் கிறிஸ்துமஸைப் பற்றி ஒரு கேள்வி, பிறகு ஒரு ஜோக், அவ்வளவுதான். வேலையைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது.

சான்டாவுக்குக் கனடாவில் தபால் குறியீடு என்ன என்று முதல் வருடம் கேட்டார். நாங்கள் விழித்தோம். H0H 0H0 என்றார், சான்டாவின் 'ஹோ ஹோ ஹோ' சிரிப்புத்தான். குழந்தைகள் அந்தக் குறியீட்டைப் போட்டுக் கடிதம் எழுதினால் பதிலும் வருமாம். இன்னொரு நாள், நியூபவுண்ட்லாந்தில் கிறிஸ்துமஸ் சமயத்தில் அக்கம்பக்கத்தார் முகத்தை மூடி மாறுவேடம் போட்டு வீட்டுக்குள் வந்தால் வீட்டுக்காரர் என்ன செய்ய வேண்டும் என்று கேட்டார். போலீசைக் கூப்பிட வேண்டும் என்றேன். வந்திருப்பது யார் என்று கண்டுபிடிக்க வேண்டும், கண்டுபிடித்தால் முகத்திரையை எடுத்துவிட்டு உட்கார்ந்து பலகாரம் சாப்பிடுவார்கள் என்றார். ஜோக்குகள் இதைவிட மோசம். பனிமனிதன் ஒருவன் காய்ச்சல் என்று டாக்டரிடம் போனானாம். டாக்டர், "இன்றைக்குக் கட்டிலில் படுக்காதே, வாளியில் படு" என்றாராம். இதற்குப் பிரபு இரண்டு நிமிடம் சிரித்தான். பதிலுக்கு அவன் ஒன்று எடுத்துவிட்டான்: சான்டா எந்த விசாவில் வருகிறார்? அவருக்கு விசாவே வேண்டாம், புகைபோக்கி வழியாக இறங்குபவருக்கு இமிகிரேஷன் கவுன்ட்டர் ஏது?

ஒரு டிசம்பரில் ஒரு நாள் நான் சிரிக்கவில்லை. போனை வைத்த மறு நிமிடம் மேனேஜர் என் மேசைக்கு வந்து, வீட்டில் என்ன என்று கேட்டார். கோயம்புத்தூரில் அப்பாவுக்கு ஆபரேஷன். நான் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை. அன்று மதியமே என்னை விமானம் ஏற்றிவிட்டார். எவ்வளவு கெட்டிக்காரப் பெண் என்று வியந்தேனே தவிர, அவருக்கு எப்படித் தெரிந்தது என்று யோசிக்கவில்லை. இத்தனை படித்து என்ன பிரயோஜனம், சொல்லுங்கள்.

அப்புறம் வந்தது அந்த வருடம். மேனேஜரின் அம்மாவுக்கு எண்பது வயது ஆகிறது என்று அவர் பண்ணைக்குப் போய்விட்டார். டிசம்பர் பொறுப்பு என்னிடம். கிளம்பும்போது சாவிக்கொத்து தருவதுபோல ஒரே ஒரு விஷயம் சொன்னார்: பத்து மணிக் கேள்வியை மட்டும் விட்டுவிடாதே. நான் தலையை ஆட்டினேன்.

அப்போது டியூட்டியில் மூன்று பேர். சான் ரமோனில் நானும் பிரபுவும், கனடாவில் வதனி. வதனி யாழ்ப்பாணத்துப் பெண். பத்து வயதில் டொராண்டோவுக்கு வந்தவள். வண்டிகளில் கருவி பொருத்துவதற்காக வின்னிபெக்கிலிருந்து ஒரு மணி நேரத் தொலைவில் ஒரு சிற்றூரில் வாடகைக்கு வீடு எடுத்துத் தனியாக இருந்தாள். கனடாவைப் பற்றி யாராவது ஒரு சொல் தப்பாகச் சொன்னால் திருத்தாமல் விடமாட்டாள். மேனேஜரையே இரண்டு முறை திருத்தியிருக்கிறாள்.

ஒரு வாரம் நான் ஒழுங்காகப் போன் போட்டேன். அப்புறம் அலுப்பு வந்துவிட்டது. பத்து மணிக்குத்தான் வேறு ஏதாவது அழைப்பு வந்து தொலைக்கும். பிரபுவிடம் புலம்பினேன். இன்ஜினியரிடம் புலம்பினால் என்ன ஆகும்? ஆறுதல் வராது, ஸ்கிரிப்ட் வரும்.

"அக்கா, இதுக்குப் போயி டெய்லி கால் எதுக்கு? கொஸ்டினும் ஆன்ஸரும் ஒரு ஷீட்ல போட்டுடுங்க. பத்து மணி ஆனா சேட்ல அதுவே போஸ்ட் பண்ணிக்கும்" என்றான் பிரபு.

எனக்கு அது பிரமாதமாகப் பட்டது. மாதம் முழுமைக்குமான கேள்விகளையும் பதில்களையும் ஒரே மூச்சில் ஷீட்டில் தட்டினேன். சரியான பதில் வந்தால் என் பெயரில் "சபாஷ்" என்று தானாகப் போகும்படியும் அவனையே செய்யச் சொன்னேன். தினமும் கேள்வி போனது, இருவரிடமிருந்தும் பதில் வந்தது, சபாஷும் போனது. ஒரு பதில்கூடத் தப்பவில்லை. என் தலைமையில் குழுவின் பொது அறிவு எங்கேயோ போய்விட்டது என்று வீட்டில் பெருமையடித்துக்கொண்டேன்.

இருபத்து மூன்றாம் தேதி இரவு முதல் அந்தப் பக்கம் பனிப்புயல். வண்டிகள் ஓடின, கருவிகள் வேலை செய்தன, எங்களுக்கு ஒரு தொந்தரவும் இல்லை. வதனிக்கும் வேலை இல்லை என்று நினைத்துக்கொண்டோம். இருபத்தாறாம் தேதி காலை கோயிலிலிருந்து நேராக ஆபீசுக்கு வந்தேன். தூக்கில் சர்க்கரைப் பொங்கல். பிரபு நாற்காலியை என் மேசைக்குத் தள்ளிக்கொண்டு வந்து, ஸ்பூன் தேடப் பொறுமையில்லாமல் கையாலேயே சாப்பிட ஆரம்பித்தான். ஒரு கையில் பொங்கல், மறு கையில் தூக்கு.

பத்து அடித்தது. திரையில் கேள்வி வந்தது: நோவா ஸ்கோஷியாவிலிருந்து ஆண்டுதோறும் பெரிய கிறிஸ்துமஸ் மரம் ஒன்று அமெரிக்காவின் எந்த ஊருக்கு அன்பளிப்பாகப் போகிறது? அடுத்த நொடி பதில் வந்தது. பிரபு: நியூயார்க்.

நான் பிரபுவைப் பார்த்தேன். நெய் வழியும் கையோடு அவனும் திரையைப் பார்த்தான். திருடன் மாட்டிக்கொண்டால் எப்படி முழிப்பானோ அப்படி முழித்தான். பதில் சொல்லவும் ஒரு ஸ்கிரிப்ட் எழுதி வைத்திருக்கிறான்! ஷீட்டிலிருந்தே பதிலை எடுத்துப் போடுமாம். எனக்குக் கோபம் வரவில்லை, சிரிப்புத்தான் வந்தது. கேட்டதும் இயந்திரம், சொன்னதும் இயந்திரம், சபாஷ் போட்டதும் இயந்திரம். இத்தனை நாள் அவை ஒன்றையொன்று பாராட்டிக்கொண்டு குடித்தனம் நடத்தியிருக்கின்றன.

சிரித்துக்கொண்டே திரையைத் திரும்பப் பார்த்தேன். அடுத்த பதிலும் வந்திருந்தது. வதனி: நியூயார்க்.

என் சிரிப்பு நின்றுவிட்டது. அந்த மரம் போவது பாஸ்டனுக்கு. நூறு வருடத்துக்கு முன்னால் நோவா ஸ்கோஷியாவின் ஹாலிஃபாக்ஸ் துறைமுகத்தில் நடந்த பெரிய வெடி விபத்தின்போது பாஸ்டன்காரர்கள் ஓடி வந்து உதவியதற்கு இன்று வரை நன்றி சொல்கிறார்கள். அவசரத்தில் நான் ஷீட்டில் தப்பாகத் தட்டியிருக்கிறேன். இந்தக் கதையைப் போன வருடம் எனக்குச் சொன்னவளே வதனிதான்.

"அவளுக்கும் நீதான் செட் பண்ணிக் குடுத்தியா?" என்று கேட்டேன்.

"ஆமாக்கா. அவதான் கேட்டா. நம்ம சர்வர்லயே ஓடுது."

சரி, அவள் பெயரில் இயந்திரம் பதில் சொல்கிறது. ஆனால் தன் பெயரில் இப்படி ஒரு தப்பு நிற்பதை அவள் பார்த்திருந்தால் அரை நிமிடம் பொறுத்திருக்க மாட்டாள். பத்து நிமிடம் காத்திருந்தோம். ஒன்றும் வரவில்லை. வதனியோடு நீ கடைசியாக எப்போது பேசினாய் என்று பிரபுவிடம் கேட்டேன். நீங்கள் பேசிக்கொண்டிருக்கிறீர்கள் என்று நினைத்தேன் என்றான். நானோ அவன் பேசுகிறான் என்று நினைத்திருந்தேன். அவள் கையால் எழுதிய கடைசிச் செய்தி இருபத்து மூன்றாம் தேதியோடு நின்றிருந்தது. போன் போட்டோம், அடிக்கவே இல்லை.

இங்கேதான் நீங்கள் கவனமாகக் கேட்க வேண்டும். அவளுடைய அவசரத் தொடர்பு எண் அவள் அம்மாவுடையது. பிரபு அதை அழுத்தப் போனான், நான் தடுத்தேன். அம்மா இருப்பது டொராண்டோவில். இந்தப் புயலில் விமானம் கிடையாது. அவரால் செய்ய முடிந்தது அழுவது ஒன்றுதான். ஆபத்து என்று தோன்றினால் உறவில் பக்கத்தில் இருப்பவரைக் கூப்பிடாதீர்கள். நடந்து போகும் தூரத்தில் இருப்பவர் யார் என்று முதலில் பாருங்கள். உறவுக்காரருக்கு இரண்டாவதாகச் சொல்லிக்கொள்ளலாம்.

பிரபு அந்த ஊர்ப் போலீசுக்குப் போன் செய்தான். வருகிறோம், ஆனால் அந்தப் பக்கத்துச் சாலை மூடிக் கிடக்கிறது, திறந்ததும்தான் முடியும் என்றார்கள். நான் டேலைக் கூப்பிட்டேன். டேல் அந்த ஊரின் பனி வண்டிகளுக்குப் பொறுப்பாளர், தானும் ஒரு வண்டி ஓட்டுபவர். வதனியா, இரண்டு நாளாகப் பார்க்கவில்லை, பண்டிகைக்கு அம்மா வீட்டுக்குப் போயிருப்பாள் என்று நினைத்தேன் என்றார். அவள் தெருவில் பனி இன்னும் தள்ளப்படவில்லை. முட்டுச்சந்து, நான்கே வீடு. நம் மென்பொருள் அந்தத் தெருவை வரிசையில் கடைசியில் வைத்திருந்தது. அந்த வரிசையைப் போட்டவள் நான்தான். புயல் நேரத்தில் வரிசையில் யாரும் கை வைக்கக் கூடாது என்று கையேட்டில் எழுதியவளும் நான்தான்.

ஆஸ்பத்திரிச் சாலை முடிந்துவிட்டதா என்று கேட்டேன். முடிந்துவிட்டது என்றார். அப்படியானால் அடுத்ததாக வதனியின் தெருவுக்குப் போக முடியுமா என்றேன். கம்ப்யூட்டர் அப்படிச் சொல்லவில்லையே என்றார். கம்ப்யூட்டர் சொல்லவில்லை, நான் சொல்கிறேன் என்றேன். அவளுக்கு என்ன ஆயிற்று என்று கேட்டார்.

என்னவென்று சொல்வது? எனக்கே தெரியாது. வேறு வழியில்லாமல் உள்ளதைச் சொன்னேன். நோவா ஸ்கோஷியா மரம் எந்த ஊருக்குப் போகிறது என்று கேட்டோம், அவள் நியூயார்க் என்று பதில் சொல்லிவிட்டாள் என்றேன். சொல்லி முடித்ததும் நாக்கைக் கடித்துக்கொண்டேன். புயலில் வண்டி ஓட்டுகிற மனிதரிடம் பேசுகிற பேச்சா இது?

டேல், "பாஸ்டன். வதனிக்கு அது தெரியும்" என்றார். அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை. வண்டி உறுமித் திரும்பும் சத்தம்தான் கேட்டது.

முக்கால் மணி நேரம். பொங்கல் ஆறிப்போய்த் தூக்கில் அப்படியே இருந்தது. பிரபு எல்லா ஸ்கிரிப்டுகளையும் நிறுத்திவிட்டுத் தலையைக் கவிழ்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அவனைத் திட்டலாம் என்றால் எனக்கு வாய் இல்லை. கேள்வியை இயந்திரத்திடம் முதலில் கொடுத்தவள் நான். அந்த முக்கால் மணி நேரத்தில் நான் வேண்டாத தெய்வம் இல்லை. டேலுக்குத் தெரிந்த தெய்வங்களையும் சேர்த்தே வேண்டினேன்.

டேலின் எண்ணிலிருந்து போன் வந்தது. எடுத்தால் வதனியின் குரல்.

"அக்கா, பயப்பிடாதேங்கோ, இருக்கிறன்."

இருபத்து நாலாம் தேதி மதியம் வாசற்படியில் வழுக்கி விழுந்திருக்கிறாள். கணுக்கால் முறிந்துவிட்டது. கையிலிருந்த போன் பனிக்குள் போனது போனதுதான். எப்படியோ ஊர்ந்து உள்ளே வந்துவிட்டாள். அன்று மாலையே இன்டர்நெட்டும் போய்விட்டது. மேல் வீட்டுக்காரர்கள் குளிருக்குப் பயந்து ஃப்ளோரிடாவுக்குப் போயிருந்தார்கள். பக்கத்து வீட்டுக்குக் கத்தினாலும் கேட்காது. நல்லவேளை, கரண்ட் இருந்தது, ஹீட்டர் ஓடியது. அரிசியும் பருப்பும் ஒரு முழுக் கிறிஸ்துமஸ் கேக்கும் இருந்தன. கேக்கைத் தீர்த்துவிட்டதாகச் சொன்னாள்.

இதையெல்லாம் சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். பிறகு சொன்னதுதான் எனக்கு இன்னும் மனதில் கிடக்கிறது.

"பத்து மணிக் கேள்விக்கு நான் வரேல்லை எண்டா நீங்கள் தேடுவியள் எண்டு கிறிஸ்மஸ் அண்டைக்கு முழுக்க நம்பிக்கொண்டு இருந்தன் அக்கா. பிறகுதான் ஞாபகம் வந்தது, எனக்குப் பதிலா அது பதில் சொல்லிக்கொண்டு இருக்குமெண்டு. அப்பதான் அழுதிட்டன்."

நானும் அழுதேன். ஆபீசில் நான் அழுதது அந்த ஒரு தடவைதான். பிரபு எழுந்து குளத்தைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டான்.

அன்று மதியம் மேனேஜருக்குப் போன் செய்து ஒன்று விடாமல் சொன்னேன். வரிசையில் கை வைத்ததையும் சொன்னேன். வேலை போனாலும் பரவாயில்லை என்ற நிலையில்தான் இருந்தேன். அவள் எத்தனை நாள் அப்படித் தனியாகக் கிடந்தாள் என்று மட்டும் கேட்டார். இரண்டு நாள் என்றேன். இந்தக் கேள்வி எதற்கு என்று உன்னிடம் சொல்லாமல் போனது என் தவறு என்றார். அவர்கள் ஊரில் குளிர்காலத்தில் ஒவ்வொரு பண்ணையும் மைல் கணக்கில் தள்ளி இருக்கும். தினமும் காலையில் அவருடைய அம்மா பக்கத்துப் பண்ணைக்குப் போன் செய்து ஒரு மட்டமான ஜோக் சொல்வாராம். நலமா என்று கேட்டால் எல்லோரும் நலம் என்றுதான் சொல்வார்கள், சாகக் கிடந்தாலும் சொல்வார்கள். ஆனால் மொக்கை ஜோக்குக்கு யாரும் பொய்யாகச் சிரிக்க முடியாது. சிரிப்பையோ திட்டையோ கேட்டுவிட்டு அம்மா போனை வைத்துவிடுவாராம். என் அப்பாவின் ஆபரேஷன் சமயத்தில் வீட்டில் ஏதோ சரியில்லை என்று மேனேஜர் எப்படிக் கண்டுபிடித்தார் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது.

கையேட்டில் ஒரு வரி சேர்ந்தது: வரிசையில் மனிதர் கை வைக்கலாம், வைத்தவர் தன் பெயரைச் சொல்ல வேண்டும். பத்து மணிக் கேள்வி பழையபடி போனுக்குத் திரும்பியது. அதை இன்றைக்கு நடத்துபவன் பிரபு. ஸ்கிரிப்ட் எழுதும் கை அவனுக்கு இன்னும் அரிக்கத்தான் செய்கிறது. இதற்கு மட்டும் எழுத மாட்டான்.

ஆகவே, ஜோக் நன்றாக இல்லை என்று குறை சொல்லாதீர்கள், அது நன்றாக இருக்க வேண்டிய அவசியமே இல்லை. பதில் தெரியவில்லையா, தப்பாகவே சொல்லுங்கள். உங்கள் குரலில் சொன்னால் போதும்.

வதனியின் கால் ஆறு வாரத்தில் சரியாகிவிட்டது. இப்போது அவளும் உங்களைப் போன்றவர்களுக்கு மேலதிகாரி. ரிடையர் ஆன முதல் டிசம்பரில் ஒரு காலை பத்து மணிக்கு எனக்குக் கை நமநமவென்று இருந்தது. யாரும் என்னிடம் கேள்வி கேட்கப்போவதில்லை, நானும் யாரையும் கேட்கப்போவதில்லை. கோயில் சமையற்கட்டில் பொட்டலம் கட்டிக்கொண்டிருந்தேன். போன் ஒரு தடவை அதிர்ந்தது. வதனி. கேள்வி எதுவும் இல்லை, வெறும் பதில் மட்டும்.

"நியூயோர்க், அக்கா."

அன்றிலிருந்து டிசம்பரில் ஒரு நாளும் அது தவறவில்லை. இன்று காலையும் வந்தது. கையில் நெய்யோடு நானே தட்டிப் பதில் அனுப்பினேன்: சபாஷ்.